பலகைக்கு முன்னால் நின்ற விருந்தாளி

சிஹாபாவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. கிலிந்தோனி விமான நிலையத்தின் கம்பி வேலி ஓரம், விருந்தாளிகளை அழைத்துப் போக வந்தவர்களின் வரிசையில், அவள் கையிலும் ஒரு பலகை இருந்தது. பலகை பிடிப்பது அவளுக்குப் புதிதல்ல. வெளிநாட்டுக்காரரின் ஹோட்டலில் டைவிங் சொல்லிக் கொடுத்த காலமெல்லாம் அடுத்தவன் கடைப் பலகையைத் தூக்கித் தோள் தேய்ந்தவள்தான். இது அவள் சொந்தக் கடையின் பலகை. மேலே 'சிஹாபா டைவிங்' என்றும், கீழே அவள் தம்பி ஷொமாரி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதிய கொட்டை எழுத்தில் 'மொடெஸ்டா கிளெமென்ட்' என்றும் இருந்தது. கடை திறந்து வருகிற முதல் விருந்தாளி.

மாஃபியா தீவில் பெண்ணொருத்தி டைவிங் கடை வைத்ததில்லை. வைத்தவளை ஊர் சும்மா விடுமா? பக்கத்தில் பெரிய ஹோட்டலின் சீருடையில் பலகையோடு நின்ற படகுக்காரன் ஹாதிபுவுக்குக் காலையிலிருந்தே வாய் ஓயவில்லை.

"என்ன டீச்சரம்மா, உன் வெள்ளைக்காரி வருவாளா, இல்ல பலகைய மட்டும் கூட்டிட்டுப் போகப் போறியா?"

"வருவா. வந்து உன் கண்ணு முன்னாடியே என் வண்டியில ஏறுவா. கண்ணத் தொடச்சுட்டு ரெடியா நில்லு."

"பேரப் பாத்தா இத்தாலிக்காரி மாதிரி இருக்குக்கா" என்றான் ஷொமாரி.

"இல்லடா, பிரான்ஸா இருக்கும்."

முன்பதிவு ஆங்கிலத்தில் வந்திருந்தது. அப்பன் பெயரைப் பின்னால் போட்டுக்கொள்ளும் கிறிஸ்தவர்கள் இந்த நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள் என்பது இருவருக்கும் நன்றாகத் தெரியும். சிஹாபா பள்ளிக்கூடத்தில் அப்படிப்பட்டவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். ஆனாலும் அக்காவும் தம்பியும் இத்தாலியா பிரான்ஸா என்று சண்டை போட்டுக்கொண்டு நின்றார்கள்.

தாருஸ்ஸலாமிலிருந்து வந்த குட்டி விமானம் தூசியைக் கிளப்பிக்கொண்டு இறங்கியது. குனிந்து குனிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். வெயிலில் சிவந்த இரண்டு குடும்பங்களை ஹாதிபு அள்ளிக்கொண்டான். அடுத்து ஒரு பெரிய உருவம் இறங்கியது. ஐம்பதைத் தாண்டிய அம்மாள். பூப்போட்ட உடை, ஓலைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. நிலம் வாங்க வந்தவரைப் போல இடுப்பில் கை வைத்துத் தீவை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு நேராக சிஹாபாவின் பலகைக்கு முன்னால் வந்து நின்று, அதை எழுத்துக் கூட்டிப் படித்து, மெல்லச் சிரிக்கத் தொடங்கினார்.

சிஹாபா அவருடைய தோளுக்கு மேலே எக்கி எக்கி விமானத்தின் படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன். பலகைய மறைக்கிறீங்க. என் விருந்தாளிக்குத் தெரியாது."

அந்த அம்மாளின் சிரிப்பு பாதியில் நின்றது. "உன் விருந்தாளியா?"

"ஆமாம்மா, வெளிநாட்டுல இருந்து வர்றாங்க. நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிற புது நர்ஸம்மாதானே? அந்த வெள்ள வண்டி உங்களுக்குத்தான் நிக்குது. ஷொமாரி, அம்மா பைய எடுத்துக் குடு."

ஷொமாரி தொட்ட பையை அந்த அம்மாள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "நல்லாப் புடிச்சுக்கிட்டு நில்லு. உன் விருந்தாளிக்கு நல்லாத் தெரியட்டும்" என்றார். சொன்னபடி தள்ளியும் நின்றார். பிறகு ஒரு ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டு ஏறிப் போய்விட்டார்.

விமானத்திலிருந்து வேறு யாரும் இறங்கவில்லை. விமானி தண்ணீர் பாட்டிலோடு இறங்கிக் கதவைச் சாத்தினார். ஹாதிபு தன் வண்டியிலிருந்து தலையை நீட்டி, "பலகைக்கு ஜன்னல் சீட்டுக் குடு டீச்சர்!" என்று கத்திவிட்டுப் போனான். அப்போதுதான் சிஹாபாவின் போனில் செய்தி வந்து விழுந்தது.

'நான்தான் மொடெஸ்டா கிளெமென்ட். நீ சொன்னபடி தள்ளி நின்றுவிட்டேன். நாளைக் காலை விமானத்தில் ஊருக்குத் திரும்புகிறேன்.'

சிஹாபா பலகையைக் கீழே இறக்கினாள். ஹோட்டலில் இருந்த நாட்களில் எத்தனை பேர் அவளிடமே வந்து, "டீச்சர் எப்ப வருவார்?" என்று கேட்டிருக்கிறார்கள்! ஒருத்தன் ஈரத்துண்டை அவள் தோளில் போட்டுவிட்டு டீ கேட்டான். டீயைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவனைக் கையைப் பிடித்துக் கடலுக்கு அடியில் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்தவளும் அவள்தான். ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் எரிந்தாள். அந்த எரிச்சலில்தான் சொந்தக் கடையே பிறந்தது. இன்றைக்கு அதே வேலையை அவளே செய்துவிட்டாள், அதுவும் தன் பெயர் போட்ட பலகையைப் பிடித்துக்கொண்டு. தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது.

"விடுக்கா. போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுரு" என்றான் ஷொமாரி.

"மூஞ்சிக்கு நேரா அவமானப்படுத்திட்டுக் காதுல மன்னிப்புக் கேக்கச் சொல்றியா? போடா."

சந்தைக்குப் பின்னால் இருந்த சின்ன விடுதியில் மொடெஸ்டா தங்கியிருப்பது ஆட்டோக்காரன் மூலம் தெரிந்தது. பொழுது சாயும் நேரத்தில் சிஹாபா அதன் வாசலில் போய் நின்றாள். யார் வீட்டு வாசலிலும் "ஹோதி" என்று மூன்று தடவைதான் குரல் கொடுக்கலாம். மூன்றாவதுக்கும் பதில் இல்லையென்றால் வந்த வழியே திரும்பிவிட வேண்டும். முதல் ஹோதிக்குத் தட்டு உரசும் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாவதுக்கு, உள்ளே அந்த அம்மாள் போனில் யாரிடமோ பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தது கேட்டது. சுவாஹிலி அல்ல, ஏரிக்கரைப் பக்கத்து சுகுமா மொழி. மூன்றாவதுக்கு, "வா" என்று பதில் வந்தது. அந்த வாவுக்கு வராதே என்று சொல்லியிருக்கலாம்.

மொடெஸ்டா தேங்காய்ச் சோறும் கணவாய்க் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட வா என்று கூப்பிடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வந்தவளை அப்படி நிற்க வைத்தால், இந்தக் கரையில் அது கன்னத்தில் அடித்ததற்குச் சமம். சிஹாபா வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்ததை ஒப்பிக்கத் தொடங்கினாள்.

"அம்மா, தப்பு முழுக்க என் மேலதான். நான்..."

"நிறுத்து. இந்த மன்னிப்பெல்லாம் எனக்குப் பழகிப் போச்சு. முவான்சாவுல எனக்கு பஸ் ஓடுது. மொத பஸ் வாங்கப் போன எடத்துல, 'மொதலாளி எங்கம்மா'ன்னு என்னையே கேட்டான். நான்தான்டா மொதலாளின்னதும் நாற்காலி வந்துச்சு, சோடா வந்துச்சு, மன்னிப்பு வந்துச்சு. கேட்டது கேட்டதுதானே? வாயில போன வார்த்தைய சோடா ஊத்திக் கழுவ முடியுமா?"

மொடெஸ்டா சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டு தொடர்ந்தார்.

"நான் ஏரிக்கரையில பொறந்தவ. ஏரிக்குள்ள கண்ணத் தொறந்தா ஒரே கலங்கல். கடலுக்குள்ள கண்ணத் தொறந்தா வெளிச்சமா இருக்கும்னு சொன்னாங்க. அத ஒரு தடவ பாத்துரணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. எம்பொண்ணுதான் உன் கடையக் கண்டுபிடிச்சா. 'இது நம்ம நாட்டுப் பொம்பளை நடத்துறதும்மா, அங்கயே போ'ன்னா. வெள்ளைக்காரன் ஹோட்டல்லயும் எடம் இருந்துச்சு. வேணாம்னு உன்னத் தேடி வந்தேன்டி நான்."

இது அறையை விட வலித்தது. இதற்கு மேல் எந்த மன்னிப்பை எடுத்து நீட்டுவது? திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தவள், வாசல் வரை வந்த காலை நிறுத்தினாள். சுகுமா. அவளுடைய அப்பா தென்னந்தோப்பு வேலைக்கு இந்தத் தீவுக்கு வந்த ஸராமோ இனத்துக்காரர். சுகுமாவுக்கும் ஸராமோவுக்கும் பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்தே உத்தானி என்கிற கேலி முறை உண்டு. உத்தானி என்றால் நம் ஊர் மாமன் மச்சான் கேலி எல்லாம் அதற்குக் கால்தூசி. இழவு வீட்டில் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகூட ஒருவரை ஒருவர் கேலி செய்யலாம், கோபித்துக்கொள்பவர்தான் குற்றவாளி. ஆனால் இந்த அம்மாள் முறையை மதிக்கிறவர்தானா? இல்லையென்றால் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியதாக ஆகிவிடும். சிஹாபா துணிந்துவிட்டாள்.

"நீங்க சுகுமாவா?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

சிஹாபா இடுப்பில் கை வைத்தாள். நீங்க என்பது காற்றில் போயிற்று.

"அடச்சே! அத மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? சுகுமாக்காரின்னா மாட்டோடதான் வருவான்னு ஊருக்கே தெரியும். நீ பாட்டுக்குத் தனியா ப்ளேன்ல வந்து எறங்கினா எப்படி அடையாளம் தெரியும்? மாட்ட எங்க கட்டிட்டு வந்தே, றெக்கையிலயா?"

சமையலறை வாசலில் நின்ற விடுதிக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். மொடெஸ்டாவின் கை சோற்றில் அப்படியே நின்றது.

"உங்கப்பன் எந்த ஊருடி?" என்று மெல்லக் கேட்டார் மொடெஸ்டா.

"கிசராவே. ஸராமோ."

"ஸராமோவா!" தட்டு ஒரு ஓரமாகத் தள்ளப்பட்டது. "தென்ன மரத்தடியில மல்லாந்து படுத்துக்கிட்டு, காய் தானா வாயில விழும்னு வாயப் பொளந்து கெடக்குமே, அந்தக் கூட்டமா? அப்படிச் சொல்லு! கண்ணு எப்பவும் மரத்து உச்சியிலயே இருந்தா எதுத்தாப்ல நிக்கிற மனுசி எப்படித் தெரிவா?"

"நீ மனுசியாவா நின்னே? ஏர்போர்ட்டுக்குப் புதுசா செவுரு எழுப்பிட்டாங்களோன்னு நெனச்சேன். பலகை மறைஞ்சுச்சு, ப்ளேன் மறைஞ்சுச்சு, சூரியனே மறைஞ்சுச்சு!"

"பொறாமைடி உனக்கு! காஞ்ச நெத்திலிக்கு வாயப் பாரு! வா, உக்காந்து தின்னு. காத்தடிச்சா கடலுக்குள்ள போயிருவே போலிருக்கு."

விடுதிக்காரி இன்னொரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிஹாபாவுக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது, நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல்லை யாரோ தூக்கிவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் மொடெஸ்டா பஸ் முதலாளி. சிரித்து முடித்தவுடன் கணக்கை மூடிவிட்டுப் போகிறவர் இல்லை.

"உனக்கும் எனக்கும் சரியாப் போச்சு. முறை இருக்கு, பேசித் தீத்துக்கிட்டோம். நாளைக்கு டொடோமாவுல இருந்து உனக்கு முறையில்லாத பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி வந்து எறங்குவா. அவளையும் தள்ளி நில்லுன்னுட்டு என்ன சொல்லிச் சிரிக்க வைப்பே?"

சிஹாபா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

"அதனால அபராதம் கேக்கிறேன். முறைக்காரி கேட்டா இல்லேன்னு சொல்லக் கூடாது. நாளைக்குக் காலையில படகுத்துறையில, எல்லா ஹோட்டல் படகுக்காரனும் நிக்கிறப்ப, நீ என்ன பண்ணினேன்னு உன் வாயால சொல்லு. சொன்னா உன்னோட கடல்ல முங்குறேன். சொல்லலேன்னா ப்ளேன் ஏறுறேன்."

"முங்கினா அன்னிக்கு ப்ளேன்ல ஏற முடியாது, தெரியுமா? ஒடம்புக்கு ஆகாது. மேல போனா ரத்தத்துல காத்து நுரைச்சிரும். யோசிச்சுக்க."

"யோசிக்க வேண்டியது நான் இல்லடி, நீ."

கடை இருக்கிற உதெண்டே கிராமத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் சிஹாபா யோசித்தாள். விருந்தாளி வரவில்லை என்றுதான் துறையில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே உண்மை தெரிந்தவன் ஷொமாரி ஒருவன்தான். வாயைத் திறந்தால் போச்சு, காலத்துக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்கள். அந்தத் துறையில் அவளை டீச்சர் என்று கூப்பிட வைப்பதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சமா? அவளுக்குக் கௌரவம் பெரிது, அதில் அவளுக்கு வெட்கமும் இல்லை. ஆனால் மறைத்து வைத்துக் காப்பாற்றுகிற கௌரவத்தோடு நாளைக்கு இன்னொருவர் கையைப் பிடித்துக் கடலுக்குள் கூட்டிப்போக முடியுமா? முடியாது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

காலையில் துறை களைகட்டியிருந்தது. வெள்ளைக்காரர்கள் மூக்கில் களிம்பு பூசிக்கொண்டு நின்றார்கள். ஹோட்டல் ஆட்கள் சிலிண்டர்களைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மொடெஸ்டா ஆட்டோவில் வந்து இறங்கி, கவிழ்த்துப் போட்டிருந்த ஓடத்தின் மேல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். போவதா இருப்பதா என்று இன்னும் முடிவாகாத பை அது.

"டீச்சர், நர்ஸம்மாகிட்ட ஊசி போட்டுக்கப் போறியா?" என்று ஹாதிபு தொடங்கினான்.

சிஹாபா தன் படகின் முனையில் ஏறி நின்றாள்.

"நேத்து என் விருந்தாளி வரலேன்னு சிரிச்சீங்கல்ல? வந்தாங்க. இதோ உக்காந்திருக்காங்களே, இவங்கதான் மொடெஸ்டா கிளெமென்ட். முவான்சாவுல இருந்து என்னையே தேடி வந்தவங்க. என் பலகைக்கு நேரா வந்து நின்னாங்க. நான் தள்ளி நில்லுங்கன்னேன், நர்ஸுன்னேன். விருந்தாளின்னா வெள்ளையாத்தான் இருக்கணும்னு என் புத்தியில ஊறிப் போயிருக்கு. என்னயப் பாத்து 'டீச்சர் எங்க'ன்னு கேட்டானுங்களே, அதே கண்ணுதான் எனக்கும் இருந்திருக்கு. தப்பு என்னுது. சிரிக்கிறவன் சிரிச்சுக்க."

சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள். ஹாதிபு தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான். சிஹாபா தலையைக் குனியவில்லை. காது மடல் சுட்டது. ஆனாலும் நின்ற இடத்தை விட்டு இறங்காமல் அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். ஷொமாரிக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஹாதிபு அண்ணே, அவங்க மொதல்ல உங்க பலகையத் தாண்டித்தான வந்தாங்க? உங்க கண்ணுக்கு மட்டும் விருந்தாளியாத் தெரிஞ்சாங்களா?"

ஹாதிபு தொடையில் தட்டிய கையால் ஒரு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு தன் படகுக்கு நடந்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

மொடெஸ்டா எழுந்தார். பையை ஷொமாரியிடம் நீட்டினார். "புடி. முங்குற சட்டையக் கொண்டா" என்றார்.

கடையில் இருந்ததிலேயே பெரிய ரப்பர் சட்டை அவருக்குப் பாதி முதுகோடு நின்றுவிட்டது. "எல்லாத்தையும் நெத்திலிக்கு அளவெடுத்துத் தெச்சு வெச்சிருக்கா" என்று சொல்லிவிட்டுத் தன் நீளச் சட்டையோடும் கால்சட்டையோடுமே தண்ணீரில் இறங்கினார். இடுப்பளவு ஆழத்தில் முதல் பாடம். வாயில் குழாயைக் கடித்து, தலையை முக்கி, மூச்சு விட வேண்டும். மூன்று மூச்சு விடுவதற்குள் மொடெஸ்டா திமிறிக்கொண்டு எழுந்து இருமினார். பஸ் முதலாளியின் கண்ணில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது.

"ஏண்டி, இந்தக் குழாய் நின்னு போச்சுன்னா?"

"என் குழாயக் குடுப்பேன்."

"அப்ப உனக்கு?"

"ரெண்டு வெச்சிருக்கேன். ஸராமோக்காரி சோம்பேறிதான், ஆனா விருந்தாளிய விட்டுட்டுத் தனியா மேல வர மாட்டா."

கேலி எங்கே முடிந்தது, சத்தியம் எங்கே தொடங்கியது என்று மொடெஸ்டாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குழாயை மறுபடி கடித்துக்கொண்டார்.

வளைகுடாவில் பவளப்பாறை தொடங்கும் இடத்தில் இருவரும் இறங்கினார்கள். மொடெஸ்டாவின் பிடியில் சிஹாபாவின் விரல்கள் நசுங்கின. மூன்று ஆள் ஆழத்தில் மணல். வெயில் அடிவரைக்கும் வந்து கிடந்தது. மஞ்சளும் நீலமுமாக மீன்கள் இவர்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் பாறையைக் கொத்திக்கொண்டிருந்தன. ஆமை ஒன்று வந்து, மொடெஸ்டாவைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தன் வழியே போயிற்று. நசுங்கிய விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தன. பிறகு ஒரு விசித்திரமான சத்தம் கேட்டது. சிஹாபா பதறிப்போய்த் திரும்பினாள். மொடெஸ்டா குழாயைக் கடித்தபடியே குலவை போட்டுக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டுக் குலவை. குமிழிகள் பெரும் கூட்டமாக மேலே பாய்ந்தன. சிஹாபா சிரித்த சிரிப்பில் அவள் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. இந்தக் கடலில் எத்தனையோ பேரை இறக்கியிருக்கிறாள். கடலே தன்னுடையது என்று அவளுக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

மேலே வந்ததும் மொடெஸ்டா குழாயைத் துப்பிவிட்டு மீதிக் குலவையை வெட்டவெளியில் போட்டார். ஷொமாரி படகில் இருந்த காலி டின்னை எடுத்துத் தாளம் போட்டான். காலை விமானம் அவர்கள் தலைக்கு மேலே தாருஸ்ஸலாமைப் பார்த்துப் போயிற்று.

"என் சீட்டுல இந்நேரம் எவனோ கால நீட்டி உக்காந்திருப்பான்" என்றார் மொடெஸ்டா, மிதந்துகொண்டே.

கொஞ்ச தூரத்தில் ஹாதிபுவின் படகு போய்க்கொண்டிருந்தது. குலவைச் சத்தத்தில் அதிலிருந்த வெள்ளைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் கையை நீட்டி, யார் அது என்று ஹாதிபுவிடம் கேட்டாள். தண்ணீர் மேல் சத்தம் தெளிவாக வந்தது. ஹாதிபு கொஞ்சம் தயங்கினான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து ஆங்கிலத்தில் பதில் சொன்னான்.

"என்னடி சொல்றான் அந்த ஆளு?"

"எங்களோட விருந்தாளின்னு சொல்றான்" என்றாள் சிஹாபா. எங்களோட என்கிற சொல்லை அழுத்தினாள்.

மொடெஸ்டா வாயிலிருந்த உப்புத் தண்ணீரைத் துப்பினார். முகவாயைத் தூக்கிக்கொண்டார்.

"எனக்குச் சரியாக் கேக்கல. சத்தமாச் சொல்லச் சொல்லு."

சிஹாபா இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள். "ஹாதிபூ! அவங்களுக்குக் கேக்கலயாம்!"

ஹாதிபு எழுந்து படகின் முனைக்குப் போனான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, துறையில் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, இந்தத் தடவை சுவாஹிலியில், தொண்டை கிழியச் சொன்னான்.